பழைய கியர் சைக்கிள் எங்கே வாங்கலாம்: மேம்பாலத்தில் நழுவிய செயின்

பையன் காலேஜ் போக, விளம்பரம் பார்த்து ஒரு வீட்டிலிருந்தே பழைய கியர் சைக்கிள் வாங்கினோம். சமதரையில் நன்றாக ஓடியது, ஆனால் மதுரை செல்லூர் மேம்பாலம் ஏறும்போது மட்டும் 'டக்'கென்று செயின் நழுவி மிதித்த கால் வெறுமனே கீழே போகும்.

முதலில் ஆயில் விட்டோம். அப்புறம் கியர் ஒயரை இழுத்துக் கட்டினார்கள், பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. சரி, செயின்தான் தேய்ந்திருக்கும் என்று புதுசு போட்டால் முன்னைவிட மோசம்! அதுவும் பின்சக்கரத்தில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தில் மட்டும், பெரியதில் ஒரு தடவைகூட நழுவவில்லை. விஷயமே அங்கேதான் இருந்தது. உற்றுப் பார்த்தால் சின்னதில் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகியிருந்தன. பழைய செயின் நீள நீளப் பற்களும் அதற்கேற்பத் தேய்ந்துவிடும், புதுச் செயின் அதில் உட்காராது. சிம்மக்கல்லில் ஒரு மெக்கானிக் ஃப்ரீவீலையும் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) மாற்றினார், நழுவுவது நின்றது. நிம்மதி.

தங்கச்சி மகளுக்குப் பழைய சைக்கிள் பார்த்தபோது ஸ்கேலோடு போனேன். செயின் கண்ணிகளை இணைக்கும் ஆணிகளில் ஒன்றிலிருந்து 24 ஆணி தள்ளி அளந்தால் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். 1/8 அங்குலம் கூடியிருந்தால் பெரும்பாலும் ஃப்ரீவீலும் போயிருக்கும், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். கடைசியில் ரிப்பேர் கடையில்தான் வாங்கினோம், பணம் கொடுக்கும் முன்பே பாலம் ஏற்றிப் பார்க்க விட்டார்கள்.