கோல்ட் ஸ்டாரின் பூர்வீகம் தேடுகிறவர்கள் கவனத்துக்கு

பழைய பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்டார் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டு, அது எந்தப் பந்தயத்தில் ஓடியது என்று தேடக் கிளம்புகிறவர்கள் வருஷா வருஷம் ஒரே குழியில் விழுகிறார்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள் என்பது போன்றவற்றை நான் சொல்லத் தேவையில்லை.

எண்களை 'ஒத்துப்போக' வைப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. இங்கிலாந்தில் டி.பி.டி.34 மாடல் கோல்ட் ஸ்டார் வாங்கிய ஒரு தம்பி போன் பண்ணினார்: "அண்ணே, இன்ஜின் நம்பர் ஒண்ணு, ஃபிரேம் நம்பர் வேற ஒண்ணு. ஏமாத்திட்டாங்களா?" இல்லை தம்பி, அது அப்படித்தான் இருக்கும். பி.எஸ்.ஏ.வின் பர்மிங்காம் ஸ்மால் ஹீத் ஆலையில் கோல்ட் ஸ்டாரின் இன்ஜினுக்கும் ஃபிரேமுக்கும் தனித்தனி வரிசையில்தான் எண் போட்டார்கள். இன்ஜினில் டி.பி.டி.34 ஜி.எஸ். என்று தொடங்கினால், ஃபிரேமில் சி.பி.32 என்று தொடங்கும். எந்த இன்ஜின் எந்த ஃபிரேமோடு வெளியே போனது என்பது ஆலையின் பேரேட்டில் இருக்கிறது. பிரிட்டனின் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பின் நூலகத்துக்கு எழுதிக் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள்.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் காரியம் கெட்டிருந்தது. யாரோ ஒரு மெக்கானிக் ஃபிரேம் எண்ணை அரத்தால் ராவி, இன்ஜின் எண்ணையே அங்கேயும் பஞ்ச் அடித்துவிட்டார். ராவிய இடம் பள்ளமாகப் பளபளத்தது. புது எழுத்துகள் கோணல். அந்த ஃபிரேமுக்குப் பேரேட்டோடு இருந்த ஒரே தொடர்பு அரப்பொடியாய்ப் போனது. இனி அந்த வண்டியை விவரம் தெரிந்தவர் யாரும் நல்ல விலைக்குத் தொடமாட்டார்கள்.

இன்னொன்று: பந்தய வண்டியில் இன்ஜின் மாறியிருப்பது சகஜம். பேரேட்டில் உள்ள இன்ஜின் இல்லையென்றால் உடனே போலி என்று முடிவுகட்டாதீர்கள். கீழே வலதுபக்க ஃபிரேம் குழாயில் ஆயில் பம்புக்கு இடம்விட்டு ஒரு நெளிவு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மற்ற பி.எஸ்.ஏ. ஃபிரேமில் கோல்ட் ஸ்டார் இன்ஜினை ஏற்றி விற்கிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

பஃபிங் (பளபளப்பாகத் தேய்ப்பது)

எண் இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

லாக்புக் (பதிவுப் புத்தகம்) இல்லையே என்ற பயம்

நேராகப் பந்தயத்துக்குப் போன சில வண்டிகள் சாலைக்குப் பதிவே ஆனதில்லை; அவற்றுக்கு லாக்புக்கும் இருக்காது.

புகைப்படத்தை நம்புவது

1956-ல் பெர்னார்ட் காட் ஐல் ஆஃப் மேன் தீவின் கிளப்மேன்ஸ் டி.டி. பந்தயத்தில் ஜூனியர், சீனியர் பிரிவுகள் இரண்டையும் கோல்ட் ஸ்டாரில் ஜெயித்தார். 'அதே வண்டி' என்று படத்தோடு விற்க வருவார்கள். படத்தில் தெரியும் பந்தய எண் அந்தப் பந்தயத்தில் ஓட்டியவருக்குக் கொடுத்தது, வண்டிக்கு அல்ல. ஓட்டியவர் பெயரும் ஃபிரேம் எண்ணும் ஒரே தாளில் இருக்கும் பழைய ரசீதையோ கடிதத்தையோ கேளுங்கள். அது இல்லையென்றால் சாதா கோல்ட் ஸ்டார் விலைக்கு மேல் பேசாதீர்கள்.