பாட்டு எழுதிக் கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறர் பாடுவதற்கென்றே பாட்டு எழுதும் இளையர்கள் சிலர் அவ்வப்போது என்னிடம் வந்து ஆலோசனை கேட்கிறார்கள். வசந்தம் தொலைக்காட்சித் தொடருக்கு முகப்புப் பாடல், தேசிய தினத்தையொட்டி ஒரு பாட்டு, ஏப்ரலில் தமிழ்மொழி விழாவுக்கு ஒன்று, யூடியூபில் வெளியிட ஒரு தனிப்பாடல் என்று சிங்கப்பூரில் இதற்கு வேலை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எங்கள் காலத்தில் நாங்கள் செய்த தவறுகளையே இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். எழுத்துப்பிழை, சொன்ன நாளில் தராமல் இழுத்தடிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை யாரும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல.

மெட்டுக்கு வாயைக் கொடுக்காமல் எழுதுவது

இசையமைப்பாளர் ‘தன்னன்னா’ போட்டு ஒரு டெமோ அனுப்புவார். எழுத்தை எண்ணி நிரப்பினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மெட்டு நீளும் இடத்தில் குறில் விழுந்தால் சொல்லே மாறிப்போகும். அண்மையில் ஒருவர் “உன் வரம் கேட்டேன்” என்று எழுதி வந்தார். மெட்டோ ‘வ’வில் இரண்டு தட்டு நின்றது. பாடிப் பார்த்தால் “உன் வாரம் கேட்டேன்” என்று விழுகிறது. தாளில் இது தெரியாது. எழுதிய ஒவ்வொரு வரியையும் டெமோவோடு சேர்த்து வாய்விட்டுப் பாடுங்கள். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. உச்சத்தில் நீட்ட வேண்டிய இடத்துக்கு ‘ஆ’ போல வாய் திறக்கும் ஒலி வந்தால் பாடகர் உங்களை வாழ்த்துவார்.

“அப்புறம் பேசிக்கலாம்”

எனக்கு இன்றைக்கும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஒரு தொடருக்கு முகப்புப் பாடல் எழுதினார். இசையமைப்பாளர் பழகியவர். பணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் “அப்புறம் பேசிக்கலாம், முதலில் பாட்டு வரட்டும்” என்றே சொல்லியிருக்கிறார். குரல் பதிவு முடிந்த இரவு, ஸ்டூடியோ வாசலில் ஒரு தாளை நீட்டினார்கள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். 300 வெள்ளி, பதிலுக்கு வரிகளின் மொத்த உரிமையும் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்துக்கும் தயாரிப்பாளருக்கு. களைப்பு ஒரு பக்கம், கடைசி ரயிலைப் பிடிக்கும் அவசரம் ஒரு பக்கம். கையெழுத்துப் போட்டுவிட்டார். பாட்டு நன்றாகப் போனது. சமூக மன்ற மேடைகளில் பாடினார்கள், கல்யாண விருந்துகளில் ஒலித்தது. ஸ்பாட்டிஃபையில் பாடல் விவரத்தைத் திறந்து பார்த்தால், எழுதியவர் என்ற இடத்தில் இசையமைப்பாளரின் பெயர் மட்டும். கேட்டதற்கு, “அதான் பணம் கொடுத்தாச்சே” என்ற பதில்.

300 வெள்ளி போதுமா போதாதா என்பது வேறு பேச்சு. அந்தத் தாளில் பேனா படும்வரை வரிகள் முழுக்கத் தன்னுடையவை என்பதே அவருக்குத் தெரியவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு பாட்டில் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு என மூன்று தனித்தனிப் பதிப்புரிமைகள் இருக்கின்றன. நீங்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியராக இல்லாமல் தனியாளாக எழுதிக் கொடுத்தால், வரிகளுக்கு முதல் உரிமையாளர் நீங்கள்தான். அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க எழுத்துமூலமான ஒப்பந்தமும் உங்கள் கையெழுத்தும் வேண்டும். அதற்காகத்தான் அந்தத் தாள். இந்த உரிமை உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 70 ஆண்டுகளும் நீடிக்கும். பேரப்பிள்ளைகள் காலம்வரை வரக்கூடியதை, ரயிலுக்கு நேரமாகிறது என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா?

2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் புதிய பதிப்புரிமைச் சட்டம், படைத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமையையும் தருகிறது. ஆனால் அதை எழுத்துமூலம் விட்டுக்கொடுக்கவும் முடியும். நான் பார்த்த தாள்கள் சிலவற்றில் கடைசிப் பத்தியில் அதற்கும் ஒரு வரி இருந்தது. கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள். இந்தியாவில் 2012இல் செய்த சட்டத் திருத்தத்தின்படி பாடலாசிரியர் தன் ராயல்டி பங்கை, அதாவது பாட்டு பயன்படும்போதெல்லாம் வரும் பணத்தில் தன் பங்கை, தானே விரும்பினாலும், தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. அந்தப் பாதுகாப்பு இங்கேயும் உண்டு என்று நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. பாட்டை இணையத்தில் ஏற்றிவிட்டால் நமக்கும் பணம் வரும் என்று நினைக்கிறார்கள். பாட்டை ஏற்றியவரின் கணக்குக்கு வருவது ஒலிப்பதிவுக்கான பணம். வரிகளுக்கும் மெட்டுக்கும் உரியது வேறு வழியில் வரும். சிங்கப்பூரில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது காம்பஸ், 1987இல் தொடங்கிய இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சங்கம். வானொலி, தொலைக்காட்சி, மேடை, கடை என்று பாட்டு ஒலிக்கும் இடங்களிலிருந்து கட்டணம் வசூலித்து உறுப்பினர்களுக்குப் பிரித்துத் தருகிறது. நீங்கள் அதில் சேராவிட்டாலோ, உங்கள் பாட்டு அங்கே பதிவாகாவிட்டாலோ, ஒலி 96.8 வானொலியில் தினமும் ஒலித்தாலும் உங்களுக்கு ஒன்றும் வராது. இசையமைப்பாளர் முழுப் பாட்டையும் தன் பெயரில் பதிந்திருந்தால் உங்கள் பங்கும் அவருக்கே போகும். பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு, நட்பும் கெடும்.

ஆகவே பல்லவி எழுத உட்காருவதற்கு முன்பே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். கட்டணம் எவ்வளவு, உரிமை யாரிடம் இருக்கும், பங்கு எப்படிப் பிரியும், பெயர் எங்கெங்கே வரும். நான்கே விஷயம். மெட்டுக்குப் பாதி, வரிக்குப் பாதி என்பது பரவலான வழக்கம், அதிலிருந்து பேச ஆரம்பிக்கலாம். உரிமையை மொத்தமாகக் கேட்டால், இந்தத் தொடருக்கு மட்டும் பயன்படுத்த அனுமதி தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். ஒழுங்காகத் தொழில் செய்யும் இசையமைப்பாளர் யாரும் இதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்பவருக்கு எழுதாமல் இருப்பதே நல்லது.

பெயரை ஆளுக்கொரு விதமாக விடுவது

ஆங்கிலத்தில் ஒரு பாட்டில் ஒற்றை ‘ஏ’, அடுத்ததில் இரட்டை ‘ஏ’, இன்னொன்றில் புனைபெயர். பிறகு பணம் உங்களைத் தேடிக் கண்டுபிடிக்காது. ஒரே எழுத்துக்கூட்டலை வைத்துக்கொள்ளுங்கள். புனைபெயரையும் காம்பஸில் தெரிவித்துவிடுங்கள்.

எல்லாப் பாட்டிலும் மெர்லயன் சின்னம்

வேண்டாம். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நடக்கும் கல்யாணத்தை எழுதுங்கள்.

பாட்டை நம்பி, பார்க்கும் வேலையை விடுவது

விடாதீர்கள்.

ஒலிப்பதிவுக்குப் போகாமல் இருப்பது

வரிகளை அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். இங்கே பாடகர்களில் சிலர் தமிழ் வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுகிறார்கள். அதில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். ‘வலி’யும் ‘வழி’யும் ஒரே பாட்டில் இருந்தால் கேட்கவே வேண்டாம். முதல் நாளே வரிகளை நீங்களே நிதானமாகப் படித்து, வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிவிடுங்கள். மறுநாள் ஸ்டூடியோவில், பாடகர் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்காருங்கள். பாடும்போது நடுவில் நிறுத்தாதீர்கள், பாடுபவரின் நம்பிக்கை போய்விடும். வரித்தாளில் தவறிய இடங்களை வட்டமிட்டுக்கொண்டு, ஒரு டேக் முடிந்ததும் இசையமைப்பாளரிடம் சொல்லுங்கள், அவர் பாடகரிடம் சொல்லட்டும். ஒரு சொல் அவர் வாயில் உட்காரவே இல்லையென்றால், அங்கேயே மாற்றிக் கொடுக்க இன்னொரு சொல்லையும் யோசித்து எடுத்துப்போங்கள்.