ரிசர்ச் பில்டிங் மெயின்டனன்ஸ்ல புதுசா சேர்ந்திருக்கீங்களா? முதல்ல ஃப்ரீஸரப் பாருங்க

தண்டையார்பேட்டை பக்கம் ஒரு கம்பெனில எலக்ட்ரிக்கல் பாத்துட்டு இருந்தவன் நான். மெடிக்கல் ரிசர்ச் பில்டிங்குக்கு வந்தப்போ ஃபேன், லைட், லிஃப்ட் தானே, இதுல என்ன இருக்குன்னு நெனச்சேன். ஆபீஸ்ல கரண்ட் போனா ஆளுங்க வேர்த்துட்டு உக்காந்திருப்பாங்க, அவ்ளோதான். இங்க போனா வருஷக்கணக்கா சேத்து வச்ச ரத்த சாம்பிள் போயிடும்.

அதனால முதல் வேலை, ஒரு நோட்டு எடுத்துட்டு எல்லா லேபுக்கும் நடங்க. மைனஸ் 80 டிகிரி ஃப்ரீஸர், இன்குபேட்டர் (செல்லையும் கிருமியையும் சூடு மாறாம வச்சு வளக்குற பெட்டி), எலி வளக்குற ரூமோட ஏசி, இதெல்லாம் எந்த பிளக்ல ஓடுது, அந்த பிளக் எந்த டிபில (கரண்ட்டப் பிரிச்சுக் குடுக்குற பாக்ஸ்) எந்த எம்சிபி (அதுல இருக்குற ட்ரிப் ஸ்விட்ச்), அந்த டிபிக்கு வெறும் ஈபி மட்டும் தானா, டிஜி (டீசல் ஜெனரேட்டர்) வருதா, யூபிஎஸ் வருதான்னு ஒவ்வொண்ணா எழுதுங்க. டிராயிங்க நம்பாதீங்க. நான் சேர்ந்த புதுசுல ஒரு நைட்டு ஈபி போச்சு, டிஜி உடனே எடுத்துச்சு, லைட்டெல்லாம் எரிஞ்சுது, நானும் நிம்மதியா டீக்குப் போயிட்டேன், காலைல பாத்தா ஒரு ஃப்ரீஸர் மைனஸ் 41ல நிக்குது. இடம் பத்தலன்னு யாரோ அத நகர்த்தி டிஜி வராத பிளக்ல சொருகிட்டாங்க. அந்த லேப் மேடம் திட்டுவாங்கன்னு நின்னேன். அவங்க பேசாம டப்பா டப்பாவா எடுத்து வேற ஃப்ரீஸருக்கு மாத்திட்டு இருந்தாங்க. அன்னைக்கே டிஜி பிளக்குக்கெல்லாம் சிவப்பு டேப் ஒட்டுனேன்.

ரெண்டாவது, சூடு. இந்த ஃப்ரீஸர்ல ரெண்டு கம்ப்ரஸர், உள்ள எடுக்குற சூட்டை ரூம்லயே தான் கக்கும். ரூம் ஏசி படுத்தா பின்னாடியே ஃப்ரீஸரும் படுக்கும். ராயபுரம், காசிமேடு மாதிரி கடலோரமா இருந்தா ஏசி அவுட்டோர் யூனிட்ல இருக்குற மெல்லிசு தகடுங்கள (ஃபின்ஸ்) உப்புக் காத்து அரிச்சிடும், அதனால நல்ல தண்ணில அடிக்கடி கழுவ விடுங்க, போர் தண்ணி வேணாம். ஃப்ரீஸர் முன்னாடி இருக்குற ஃபில்டரயும் தூசி தட்டுங்க, அதுக்கு மெக்கானிக்லாம் தேவையில்ல.

அடுத்து டிஜி. வாராவாரம் சும்மா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷத்துல ஆஃப் பண்றது டெஸ்ட்டே இல்ல. லோடு இல்லாமலே ஓட்டுனா டீசல் சரியா எரியாம சைலன்சர்ல கரி புடிக்கும். மாசம் ஒரு தடவ சொல்லிட்டு நிஜமாவே ஈபிய ஆஃப் பண்ணுங்க, ஈபில இருந்து டிஜிக்கு மாத்துற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் தானா விழுதான்னு பக்கத்துல நின்னு பாருங்க.

நாலாவது காத்து, இங்க தான் புதுசா வர்றவங்க ரொம்ப சொதப்புவாங்க. கிருமி வச்சு வேலை செய்ற ரூம்ல காத்து வெளிய இருந்து உள்ள போகணும், கதவு வழியா வெளிய வரவே கூடாது. கதவோட அடி இடுக்குல டிஷ்யூ பேப்பர் ஒரு துண்டு பிடிங்க, உள்பக்கமா இழுத்தா சரி. கரண்ட் மிச்சம் பண்றேன்னு எக்ஸாஸ்ட்ட ஆஃப் பண்ணிடாதீங்க! பயோசேஃப்டி கேபினெட்ட (கிருமி வெளிய பரவாம உள்ள வச்சு வேலை செய்ற காத்துப் பெட்டி) வருஷத்துக்கு ஒரு தடவ ஆள் வந்து டெஸ்ட் பண்ணி சர்டிஃபிகேட் தரணும், இடம் மாத்துனா திரும்பவும் பண்ணணும்.

மழை வேலையெல்லாம் அக்டோபருக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. மொட்டை மாடி குழாய் வாய், கேபிள் டிரெஞ்ச், லிஃப்ட் பிட், சம்ப் மோட்டார், எல்லாத்தையும் திறந்து பாருங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வடசென்னைல தண்ணி எப்படி நின்னுச்சுன்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு சொல்லணுமா என்ன. பேஸ்மென்ட்ல கரண்ட் பேனல் இருந்தா மேல தூக்கச் சொல்லி இப்பவே லெட்டர் போட்டுடுங்க, பணம் ஒதுக்க வருஷம் ஆகும்.

குப்பை விஷயம் சிம்பிள்: மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம்னு இருக்குற மருத்துவக் கழிவு கலரக் கலக்காதீங்க, 2016 மருத்துவக் கழிவு ரூல்ஸ் படி ரத்தம் பட்ட பஞ்சு மாதிரி கழிவ 48 மணி நேரத்துக்கு மேல வச்சிருக்கக் கூடாது.

கடைசியா, ஷட்டவுன் எடுக்கணும்னா நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டுப் போயிடாதீங்க, நேர்ல போய் கேளுங்க. ஞாயித்துக்கிழமை காலி தானேன்னு நீங்க நெனப்பீங்க, செல்லு வளக்குற பொண்ணு அன்னைக்கும் வந்து மீடியா (செல்லுக்கு ஊத்துற சத்து தண்ணி) மாத்திட்டு இருக்கும். ஒவ்வொரு ஃப்ரீஸர் கதவுலயும் ரெண்டு பேர் நம்பர ஒட்டி வைங்க, ஒண்ணு லேப் ஆளு, இன்னொண்ணு நைட் ஷிஃப்ட் எலக்ட்ரிஷியன் அண்ணனோடது.