சோப்புத் தண்ணியும் சம்பும்: நுரையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நொய்யல் ஆற்றில் நுரை மிதந்தால் தண்ணீர் கெட்டுவிட்டது என்கிறோம். நுரை அடங்கிவிட்டால் நீரோரம் வளரும் சம்பும் கோரையும் சுத்தம் செய்துவிட்டன என்று நிம்மதியாகிறோம். முதல் தவறே இதுதான். நுரை பெரும்பாலும் சலவைப்பொருளைத்தான், அதாவது சலவைத்தூளில் நுரைத்து அழுக்கெடுக்கும் வேதிப்பொருளைத்தான், காட்டும். கூடவே வந்த எண்ணெய், பூச்சிமருந்து, சாயக்கழிவு எதையும் காட்டாது. அவை தண்ணீரில் நிற்பதா, சேற்றில் படிவதா, வேருக்குள் போவதா என்பதை மாற்றிவிடுவது அந்தச் சலவைப்பொருள்தான்.

அடுத்த தவறு, ‘சேற்றில் ஒட்டியதைச் சோப்பு கரைத்துவிடும், செடி உறிஞ்சிக்கொள்ளும்’ என்ற கணக்கு. கரைவது உண்மை, ஆனால் அதற்கு ஓர் அளவு வேண்டும். அந்த அளவைத் தாண்டினால்தான் சலவை மூலக்கூறுகள் கூடி நுண்ணிய உருண்டைகளாகும். எண்ணெய்ப்பசையுள்ள நஞ்சு அதற்குள் புகுந்துகொள்ளும். உருண்டைக்குள் இருப்பது வேருக்குச் சுலபத்தில் கிடைக்காது, தண்ணீரோடு அடுத்த குளத்துக்குப் போய்விடும்.

இருபது லிட்டர் வாளியில் 50 கிராம் தூள் போடுகிறோம் என்று வையுங்கள். அதில் நூற்றுக்கு 15 பங்கு சலவைப்பொருள் என்றால் லிட்டருக்கு 0.4 கிராம்கூட இல்லை. சுத்தத் தண்ணீரில் உருண்டை கட்ட ஏறத்தாழ அரை கிராம் வேண்டும். உப்புத் தண்ணியில் அதைவிடக் குறைவே போதும். ஆக, ஊறவைத்த தண்ணீர் எல்லைக்கோட்டில் நிற்கிறது. சலதாரை வழியாகக் குளம் சேர்வதற்குள் அது லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் நீர்த்துவிடும். அங்கே நடப்பது வேறு: வேரின் மெல்லிய சவ்வு தளர்ந்து, நஞ்சு உள்ளே நுழைவது கூடவும் செய்யலாம். அளவு ஏறினால் வேரே கருகும். ஒரே பொருள், அளவைப் பொறுத்து இரண்டு விதமாக வேலை செய்கிறது. துணி மென்மையாக்கும் திரவம் இன்னொரு ரகம்; நேர்மின்னேற்றம் கொண்டதால் களிமண்ணில் ஒட்டி, நஞ்சையும் சேற்றிலேயே பிடித்துவைக்கும்.

சோதனையிலும் கோட்டை விடுகிறார்கள். தண்ணீரில் சலவைப்பொருளை அளக்கும் வழக்கமான மெத்திலீன் நீலச் சோதனை எதிர்மின்னேற்றம் கொண்ட ரகத்தை மட்டுமே காட்டும். துணி ஆலைகளில் புழங்கிய நோனைல்பீனால் எத்தாக்ஸிலேட் என்ற சலவைப்பொருள் மின்னேற்றம் இல்லாதது, அதில் சிக்காது. சிதையும்போது அது தன்னைவிட நஞ்சான நோனைல்பீனாலாக மாறி, காற்றில்லாச் சேற்றில் நெடுநாள் தங்கும். இலையை மட்டும் சோதித்து ‘நஞ்சில்லை’ என்பதும் தப்பு. எண்ணெய்ப்பசை நஞ்சு பெரும்பாலும் வேரின் தோலிலேயே நின்றுவிடும். வேர், தண்டு, இலை, சேறு என்று தனித்தனியாகப் பாருங்கள்.

வீட்டுச் சலவைத் தண்ணீரைச் சுத்தம் செய்ய, ஜல்லி கொட்டிச் செடி நடும் செடிப்படுகை போடுவோர் அளவில் கஞ்சத்தனம் காட்டக்கூடாது. ஒரு நாளைக்கு 200 லிட்டர், அது படுகையில் இரண்டு நாள் தங்க வேண்டும் என்றால் 400 லிட்டர் இடைவெளி தேவை. ஜல்லியில் நூற்றுக்கு 40 பங்குதான் இடைவெளி என்பதால் ஒரு கன மீட்டர் ஜல்லி வேண்டும். 60 சென்டிமீட்டர் ஆழத்தில் கொட்டினால் 1.7 சதுர மீட்டர். முன்னால் ஒரு வண்டல் தொட்டி கட்டாயம். சலவைப்பொருள் சிதையக் காற்று வேண்டும், அதனால் படுகையை எந்நேரமும் தேங்கவிடாமல் அவ்வப்போது வடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அழுக்குத் துணி மொத்தத்தையும் ஒரே மூச்சில் துவைத்துவிட்டால் படுகையில் நட்ட கல்வாழையின் இலை ஓரம் கருகி நிற்கும். மூன்று நாளாகப் பிரித்துத் துவையுங்கள்.

சாயத் தண்ணி கலந்த குளத்தில் அறுத்த சம்பையும் ஆகாயத்தாமரையையும் மாட்டுக்குப் போடாதீர்கள், எருக்குழியிலும் கொட்டாதீர்கள். செடி பிடித்துவைத்தது அப்படியே பாலுக்கும் தோட்டத்துக்கும் திரும்பும் வழி அது.