ஸ்பீடு டெஸ்ட்டில் 100 காட்டுது, பேச முடியல: நெட் வேலைக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் நெட் வேலைக்குப் புதிதாக வருகிற பசங்க திரும்பத் திரும்ப ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் நாங்கள் சறுக்கிய அதே இடம். வயர் கழன்றிருக்கிறதா, ரவுட்டரை அணைத்துப் போட்டீர்களா என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதை வீட்டுக்காரர்களே நாலு தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் நமக்கு போன் போடுகிறார்கள்.

வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வருவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

கோத்தகிரியில் ஒரு ஹோம்ஸ்டே. பெங்களூரிலிருந்து லேப்டாப்போடு வந்து, மாசக்கணக்கில் தங்கி வேலை பார்க்கிறவர்கள்தான் அங்கே முக்கியமான வாடிக்கை. சாயங்காலம் ஆனால் வீடியோ கால் உறைந்துவிடும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி விட்டுவிட்டு வரும். பார்க்கப் போன பையன் போனை எடுத்து ஸ்பீடு டெஸ்ட் போட்டான். 95 எம்பிபிஎஸ் காட்டியது. "அக்கா, லைன் சூப்பரா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். அவன் போனது காலை பதினோரு மணிக்கு, அறைகள் காலியாக இருந்த நேரம்.

அந்த அக்கா என்ன செய்வார்? 100 பிளானை 300 ஆக்கினார். பிரச்சினை அப்படியே இருந்தது. மாடிக்கு ஒன்று, தோட்டத்துப் பக்கம் ஒன்று என வைஃபையைப் பரப்பும் மெஷ் பெட்டிகள் வாங்கினார். அப்போதும் அப்படியேதான். கடைசியில் இன்னொரு கம்பெனியின் லைனையும் இழுத்தார். அந்தப் பணத்துக்கு எல்லா அறைக்கும் புது ஹீட்டரே போட்டிருக்கலாம். கோத்தகிரி டிசம்பர் குளிரில் விருந்தாளிகள் வாழ்த்தியிருப்பார்கள்.

நான் போனது மாலை ஏழு மணிக்கு. லேப்டாப்பை வயரில் மாட்டி, இரண்டு ஜன்னல் திறந்தேன். ஒன்றில் ரவுட்டருக்கு பிங், அதாவது ஒரு சின்னச் சேதி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. இன்னொன்றில் வெளியே கூகுளின் 8.8.8.8-க்கு பிங். ரவுட்டருக்கு 1 மில்லி செகண்ட். வெளியே போவதும் முதலில் 14, 15 என்றுதான் ஓடியது. அந்த நேரம் பார்த்து விருந்தாளிகள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். கோடநாடு காட்சிமுனை, கேத்தரின் அருவி என்று நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தவர்கள். வைஃபை கிடைத்ததும் அவர்கள் போன்கள் எல்லாம் தாமாகவே படங்களையும் வீடியோக்களையும் மேலே ஏற்ற ஆரம்பித்தன. இரண்டாவது ஜன்னலில் 15 என்பது 90 ஆகி, 340 ஆகி, 870-இல் போய் நின்றது. முதல் ஜன்னலில் அதே 1. ஒரு பாக்கெட்கூட (தரவுத் துண்டு) தொலையவில்லை. எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது, ஒவ்வொன்றும் முக்கால் நொடிக்கு மேல் தாமதமாக.

என்ன நடக்கிறது? மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு சோதனைச்சாவடியில் சீசன் நாளில் இ-பாஸ் பார்க்கும்போது நிற்கிற வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். சாவடி நிமிடத்துக்கு இத்தனை வண்டி என்றுதான் விடும். அதற்கு முன்னால் வண்டி நிறுத்த இடத்தைப் பெரிதாக்கினால் வரிசைதான் நீளும், ஊட்டி போய்ச் சேருகிற நேரம் குறையாது. மோடத்துக்குள் இருக்கும் பஃபர் அந்த நிறுத்துமிடம். பாக்கெட் தொலையக்கூடாது என்று அதைத் தாராளமாக வைத்துவிடுகிறார்கள். பெரிய கோப்பை அனுப்பும் டிசிபி என்கிற விதிமுறையோ, பாக்கெட் தொலைகிறவரை "இன்னும் இடமிருக்கு" என்றெண்ணி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். நிறுத்துமிடம் நிரம்பி வழிந்த பிறகுதான் அதற்குச் சேதி போகும். நடுவில் வந்து மாட்டுகிற வீடியோ காலின் சின்னப் பாக்கெட், படங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

கணக்கும் எளிதுதான். மோடத்தில் 1 எம்பி பஃபர் என்றால் 80 லட்சம் பிட். அப்லோடு 10 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 1 கோடி பிட் வெளியேறும். வரிசையின் கடைசியில் வந்து நிற்கிற பாக்கெட் 0.8 நொடி, அதாவது 800 மில்லி செகண்ட் காத்திருக்க வேண்டும். பேச்சுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லி செகண்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு-வின் ஜி.114 பரிந்துரை. வித்தியாசத்தை நீங்களே பாருங்கள்.

300 பிளான் ஏன் உதவவில்லை? ஏறியது டவுன்லோடு மட்டும். அப்லோடு அதே 20-இல் நின்றது. இன்னொரு விஷயம்: அப்லோடு அடைத்தால் டவுன்லோடும் படுத்துவிடும். இறங்குகிற ஒவ்வொரு கட்டுக்கும் "வந்து சேர்ந்தது" என்கிற பதில் அதே அப்லோடு வரிசையில்தான் வெளியே போயாக வேண்டும்.

இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்தவர் ஜிம் கெட்டிஸ், 2010-இல் தன் வீட்டு லைனில் இதே மாதிரி மாட்டிக்கொண்டு தேடிக் கண்டுபிடித்தவர். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். வரிசையில் எத்தனை பாக்கெட் நிற்கிறது என்று அது எண்ணாது. ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கும். தொடர்ந்து 100 மில்லி செகண்ட் நேரம் தாமதம் 5 மில்லி செகண்டுக்குக் கீழே இறங்காமலே இருந்தால், ஒன்றிரண்டைக் கீழே போட்டு, அனுப்புகிறவரை மெதுவாக்கும். எஃப்க்யூ-கோடெல், கேக் என்பவை அதன் வாரிசுகள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட ரவுட்டரில் எஸ்க்யூஎம் என்ற பெயரில் கிடைக்கும்.

அக்கா வீட்டில் அதைத்தான் போட்டேன். லைன் தருவதைவிடக் கொஞ்சம் குறைத்து, அப்லோடை 18-இல் கட்டினேன், டவுன்லோடை 270-இல். அப்போதுதான் வரிசை மோடத்தை விட்டு நம் ரவுட்டருக்கு வரும். விருந்தாளிகள் படம் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள், பிங் 25-ஐத் தாண்டவில்லை. இரண்டாவது லைனை அடுத்த மாசமே வெட்டிவிட்டார்.

சும்மா இருக்கும் லைனை அளப்பது

விடியற்காலை ஆறு மணிக்கு எல்லா லைனும் நல்ல லைன்தான்.

நாலே பிங்கில் தீர்ப்பு எழுதுவது

விண்டோஸில் பிங் நாலு தடவை அடித்துவிட்டு நின்றுவிடும். கடைசியில் ஒரு சின்னக் கோடும் ஆங்கில 't' எழுத்தும் (-t) சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடும். ஒரு நிமிடம் சும்மா ஓட விடுங்கள். பிறகு பெரிய வீடியோ ஒன்றை கூகுள் டிரைவில் ஏற்றிக்கொண்டே பாருங்கள், அடுத்து ஒன்றை இறக்கிக்கொண்டே பாருங்கள். முடிவில் வருகிற சராசரியை நம்பாதீர்கள். வீடியோ காலை உடைப்பது உச்சத்து எண்கள்தான், அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். போன் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் ஃபாஸ்ட்.காம் திறந்து கூடுதல் விவரத்தைத் தட்டுங்கள், சுமை இல்லாதபோதும் சுமையோடும் உள்ள தாமதத்தைத் தனித்தனியாகக் காட்டும்.

வைஃபையில் உட்கார்ந்துகொண்டு லைனைத் திட்டுவது

குன்னூர், வெலிங்டன் பக்கத்துப் பழைய பங்களாக்களின் கல் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை லேசில் தாண்டாது. வயரில் அளந்து, பிறகு வைஃபையில் அளங்கள். ரவுட்டருக்குப் போகிற பிங்கே தாவுகிறதென்றால் கோளாறு வீட்டுக்குள்.

ட்ரேஸ்ரூட்டில் நடு வரியைப் பார்த்துப் பதறுவது

போகிற வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரின் பதில் நேரத்தையும் ட்ரேஸ்ரூட் வரிவரியாகக் காட்டும். மூணாவது வரியில் 200, அதற்கு அடுத்தது எல்லாம் 20 என்றால் அங்கே தாமதமே இல்லை. அந்த ரவுட்டர் உங்களுக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மழைக்கோளாறையும் இதையும் குழப்பிக்கொள்வது

ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்றில் கற்பூர மரக் கிளை ஒடிந்து ஃபைபர் மேல் விழுவது இங்கே சாதாரணம். அந்தக் கோளாறு வேறு மாதிரி இருக்கும்: யாருமே பயன்படுத்தாதபோதும் பாக்கெட் தொலையும். பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு (ஒளி வரவில்லை என்று சொல்வது) சிவப்பாக எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டாலும் பிரவுசரில் மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஒளி அளவைப் பாருங்கள். வழக்கமான ஜிபான் (வீட்டு ஃபைபர்) பெட்டிக்கு −27 டிபிஎம் கடைசி எல்லை, அதற்கும் கீழே போனால் ஒளி போதாது. அதை ஒட்டி இருந்தால் எஸ்க்யூஎம்மைத் தொடாமல் கேபிள்காரரைக் கூப்பிடுங்கள்.

எஸ்க்யூஎம் போட்டும் அரைகுறையாக விடுவது

பிளானில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே உள்ளே போடுகிறார்கள். அப்போது வரிசை பழையபடி மோடத்திலேயே நிற்கும், நம் ரவுட்டர் வேடிக்கை பார்க்கும். நிஜமாக அளந்த வேகத்தில் 85 முதல் 95 சதவீதம் வையுங்கள், இரண்டு பக்கத்துக்கும். ஹார்டுவேர் ஆஃப்லோடை (பிராசசரைத் தொடாமல் சிப்பே பாக்கெட்டுகளைக் கடத்திவிடும் வசதி) அணைக்க மறந்தாலும் இதே கதிதான். பாக்கெட்டுகள் எஸ்க்யூஎம்மைத் தொடாமல் பின்வாசல் வழியாகப் போய்விடும். பழைய ரவுட்டரின் பிராசசர் 300 எம்பிபிஎஸ்ஸைத் தாங்குமா என்பதையும் பாருங்கள். கடை ரவுட்டரில் 'கேமிங் மோட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதையும் எஸ்க்யூஎம்மையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள்.

சிம் ரவுட்டருக்கு நிரந்தர எண் போடுவது

ஃபைபர் எட்டாத எஸ்டேட் வீடுகளில் 4ஜி-தான் கதி. பனிமூட்டத்தைப் பழி சொல்லுவார்கள்; பெரும்பாலும் காரணம், ஒரே டவரில் மாலையில் எல்லாரும் ஏறுவதுதான். வேகம் மணிக்கு மணி மாறும். அதற்கேற்ப எல்லையைத் தானே ஏற்றி இறக்கும் கேக்-ஆட்டோரேட் என்றொரு ஸ்கிரிப்ட் இருக்கிறது, அதைப் போடுங்கள். முடியாத ரவுட்டர் என்றால், இரவு எட்டு மணிக்கு அளந்ததில் மிகக் குறைந்த எண்ணில் கட்டிவிட்டு, பகலில் வேகம் குறைவாகத்தான் தெரியும் என்று வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மறுநாள் காலை ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்த்துவிட்டு அவரே அதை எடுத்துவிடுவார்.