சர்வர் பயாஸ்: முதல் தடவை உள்ளே போகிறவர்களுக்கு

பயாஸ் என்பது இயங்குதளம் தொடங்குமுன் சர்வரை எழுப்பும் அடிப்படை மென்பொருள். அதன் அமைப்புகளை மாற்றும் திரைக்குள் போவதைத்தான் இங்கே பார்க்கிறோம். பவர் பட்டனை அழுத்தியதும் திரை கறுப்பாகவே இருக்கும், விசிறிகள் மட்டும் இரைச்சல் போடும். பயப்பட வேண்டாம். மெமரி முழுவதையும் சரிபார்க்கச் சர்வருக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். முதல் தடவை நான் பொறுமையிழந்து இரண்டு முறை அணைத்துவிட்டேன், காத்திருந்தாலே போதும்.

படி 1: லோகோ தெரிந்ததும் பயாஸுக்குள் போகும் விசையை அழுத்துங்கள். டெல் சர்வரில் எஃப்2, எச்பிஇ புரோலயண்டில் எஃப்9, சூப்பர்மைக்ரோவில் டெலீட்.

படி 2: எதையும் தொடுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப இதுதான் வழி.

படி 3: பூட் மோடு, அதாவது சர்வர் இயங்குதளத்தை எழுப்பும் முறை. புதிதாக இயங்குதளம் நிறுவப்போகிறீர்கள் என்றால் யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையைத் தேர்ந்தெடுங்கள். பழைய லெகசி முறை வட்டின் பிரிவுகளைக் குறித்து வைக்கும் எம்பிஆர் அட்டவணையை நம்பியிருக்கிறது. அதில் 2 டெராபைட்டுக்கு மேல் வட்டைப் பயன்படுத்த முடியாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் என்றால் இதில் கை வைக்காதீர்கள். லெகசியில் நிறுவியதை யுஇஎஃப்ஐக்கு மாற்றினால் 'பூட் டிவைஸ் இல்லை' என்று நின்றுவிடும். தகவல் எங்கேயும் போகவில்லை, மோடைத் திருப்பி வைத்தால் எழுந்துவிடும். ஆனால் அந்த நேரத்தில் நமக்கு உயிர் போய் வரும். சாட்டா மோடை (சர்வர் வட்டுகளோடு பேசும் முறை) ஏஎச்சிஐயிலிருந்து (வட்டுகளைத் தனித்தனியாகக் கையாள்வது) ரெய்டுக்கு (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்ப்பது) மாற்றுவதும் இதே வகைதான்.

படி 4: மெய்நிகர் கணினிகள் (ஒரே சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனித்தனிக் கணினிகள்) ஓட்டப்போகிறீர்களா? அதற்கான பிராசசர் வசதி, இன்டெலில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம், இயக்கத்தில் இருக்க வேண்டும். ஏதாவது கார்டை நேராக ஒரு மெய்நிகர் கணினிக்குக் கொடுப்பதானால் இன்டெலில் விடி-டியும் வேண்டும்.

படி 5: பலரும் கவனிக்காத ஒன்று, ஏசி பவர் ரெக்கவரி. மின்சாரம் போய் வந்த பிறகு சர்வர் என்ன செய்யவேண்டும் என்பதை இது முடிவு செய்கிறது. 'ஆஃப்' என்று இருந்தால், யாராவது நேரில் போயோ தொலைநிலை மேலாண்மை மூலமாகவோ எழுப்பும்வரை தூங்கும். 'லாஸ்ட்' என்று வையுங்கள்: ஓடிக்கொண்டிருந்தால் தானே எழும், நாமே அணைத்து வைத்திருந்தால் அப்படியே இருக்கும்.

படி 6: நிர்வாகி கடவுச்சொல் வையுங்கள், எழுதியும் வையுங்கள். அப்புறம் சேமித்து வெளியேறுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். மறுதொடக்கம் மெதுவாகத்தான் இருக்கும், ஆனாலும் எது கெடுத்தது என்று தேட வேண்டியிருக்காது.

மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் ஒவ்வொரு முறையும் தேதி பின்னால் போகிறது என்றால் அமைப்புகளைத் துருவாதீர்கள். மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள்.