நர்சிங் சேரும் முன் மலைப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு கூடலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள்: "பத்தாவது பாஸ், ஃபெயில், யாராக இருந்தாலும் நர்ஸ் ஆகலாம்." அதை நம்பிச் சேர்ந்தவர்கள் பிறகு வேலை கேட்டு ஆஸ்பத்திரிக்கு வருவதை வருஷா வருஷம் பார்க்கிறேன். எங்கள் செட் செய்த அதே தவறுகள்தான் இன்றும் நடக்கின்றன. கடைசித் தேதி, ஜாதிச் சான்றிதழ் பற்றியெல்லாம் பள்ளியிலேயே சொல்லியிருப்பார்கள். நான் மற்றதைச் சொல்கிறேன்.

எல்லாமே நர்சிங்தானே என்று நினைப்பது

ஏ.என்.எம். (துணை நர்ஸ், பேறுகால உதவியாளர் படிப்பு) 2 ஆண்டு. ஜி.என்.எம். (பொது நர்சிங், பேறுகால உதவிப் படிப்பு) 3 ஆண்டு டிப்ளமோ. பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுப் பட்டம். ஏ.என்.எம். படிப்பின் மையம் தாய் சேய் நலம், தடுப்பூசி, கிராம சுகாதாரம். பந்தலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் ஏறி இறங்கி, கர்ப்பிணிகளைத் தேடிப்போய்ப் பார்க்கும் வி.எச்.என். (கிராம சுகாதார நர்ஸ்) அக்காக்கள் இந்தப் பயிற்சி பெற்றவர்கள்தான். அது மட்டமான வேலை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் ஐ.சி.யூ., ஆபரேஷன் தியேட்டர், வெளிநாடு என்று ஆசை இருந்தால் ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி.தான் வழி. எந்த வேலை வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள், படிப்பை அப்புறம் பார்க்கலாம்.

பதிவு செய்ய முடியாத 'நர்சிங் டிப்ளமோ'

இதைப் பேச ஆரம்பித்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. தேவாலாப் பக்கத்துப் பெண் ஒருத்தி வேலைக்கு விண்ணப்பிக்க வந்தாள். அப்பாவுக்குக் கொஞ்சம் தேயிலை, பச்சை இலை விற்ற காசும் சீட்டு எடுத்த பணமும் சேர்த்து இரண்டு வருஷம் படிக்க வைத்திருந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் சர்டிபிகேட்டைப் பத்திரமாக வைத்திருந்தாள். தங்க நிறக் கரை, சிவப்பு முத்திரை, அடியில் 'அரசு பதிவு எண்'. விண்ணப்பத்தில் நர்சிங் கவுன்சில் பதிவு எண் கேட்டிருந்த கட்டத்தில் அந்த எண்ணைத்தான் எழுதியிருந்தாள்.

அது அந்தப் படிப்பை நடத்திய டிரஸ்டின் பதிவு எண். டிரஸ்ட் பதிவாகியிருக்கிறது, படிப்புக்கு அங்கீகாரம் இல்லை. "அக்கா, சார் இதுதான் நம்பர்னு சொன்னாரே" என்றாள். நான் என்ன சொல்ல?

நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு இல்லாதவர் சட்டப்படி நர்ஸ் இல்லை. அரசு நர்ஸ் வேலைக்கான எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது. தனியார் ஆஸ்பத்திரியில் உதவியாளராக எடுப்பார்கள், சம்பளமும் அதற்கேற்றபடிதான் இருக்கும். சில இடங்களில் உதவியாளர் சம்பளம் கொடுத்துவிட்டு ஊசி போடவும் சொல்வார்கள். ஏதாவது தவறு நடந்தால் மாட்டுவது அந்தப் பெண்தான். சரி, இனி ஜி.என்.எம். சேரலாம் என்றால் இந்த இரண்டு வருஷம் எந்தக் கணக்கிலும் வராது. முதல் வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை முடித்தால் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா? எழுதிக் கொடுங்கள்." உண்மையான கல்லூரி தயங்காது. "நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்" என்று பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். கல்லூரியின் பெயர் கவுன்சில் பட்டியலில், அதுவும் நீங்கள் சேரும் ஆண்டுக்கான பட்டியலில், இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் பழைய அனுமதிக் கடிதம் போதாது. பி.எஸ்சி. என்றால், தமிழ்நாட்டுக் கல்லூரிக்கு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்போ நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்தோ இருக்க வேண்டும்.

ஏஜெண்டிடம் ஒரிஜினல் கொடுப்பது

கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் போதும்.

யூடியூபில் 'எல்.பி.என்.' பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவது

அமெரிக்காவில் எல்.பி.என். (ஆர்.என்.னுக்குக் கீழ்ப்படியில் இருக்கும் உரிமம் பெற்ற நர்ஸ்) என்பது ஏறக்குறைய ஓராண்டுப் படிப்பு. அதற்குத் தனித் தேர்வு எழுதி வேலைக்குச் சேர்ந்து, பிறகு இணைப்புப் படிப்பு வழியாக ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற முழு நர்ஸ், ஆகலாம். அதைப் பார்த்து "முதலில் ஏ.என்.எம்., அப்புறம் ஒரே வருஷத்தில் ஜி.என்.எம்." என்று இங்கே சிலர் நினைக்கிறார்கள். அப்படிக் குறுக்குவழி இங்கே கிடையாது. ஏ.என்.எம். முடித்தவரும் ஜி.என்.எம்.மின் 3 ஆண்டையும் முழுதாகப் படிக்க வேண்டும். ஆனால் ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர் 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டம் வாங்கலாம். உடனே நான்கு வருஷச் செலவு தாங்காத வீடுகளுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

பதினொன்றாம் வகுப்பில் குரூப்பைக் கோட்டை விடுவது

பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். கலைக் குரூப் எடுத்துவிட்டு இரண்டு வருஷம் கழித்து வந்து கேட்டால் அந்தக் கதவு மூடியிருக்கும். வீட்டில் பத்தாவது படிக்கும் தங்கை இருந்தால் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.